சொல்லச் சொன்னது

எங்கள் தெருவிலேயே வெளிச்சம் அதிகமான வீடு ஆபரேட்டர் வீடு. கூடத்தில் இரண்டு குழல் விளக்கு, அடுப்படியில் ஒன்று, தையல் மிஷினுக்கு மேலே தாழத் தொங்கும் பல்பு ஒன்று, வாசற்படியில் ஒன்று. ஆபரேட்டருக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும் அவருக்கு ஒன்றுதான். வெளிச்சமெல்லாம் அவர் மனைவிக்காக. டெய்லரம்மாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது; அதனால் பேச்சும் வரவில்லை. எதிராளியின் கையும் உதடும் கண்ணுக்குத் தெரிந்தால்தான் அவளுக்குப் பேச்சு. இருட்டிவிட்டால் உலகத்தில் எல்லோரும் அவளுக்கு ஊமைதான். மனைவியைக் கூப்பிட வேண்டுமென்றால் ஆபரேட்டர் சுவரைத் தடவிக்கொண்டு போய்க் கூடத்து சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைப்பார். விளக்கு சிமிட்டுவதைப் பார்த்து அவள் எழுந்து வருவாள். புதிதாகத் தெருவுக்கு வந்தவர்கள் அந்த வீட்டு மின்சாரத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்வார்கள்.

நான் அந்த வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தேன். ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவு என் பொறுப்பு. ஆபரேட்டருக்கு அதே ஆஸ்பத்திரியில் டெலிபோன் பலகை. எந்த வார்டிலிருந்து விரிப்பு போதவில்லை என்று கூப்பிட்டாலும் அவர் வழியாகத்தான் எனக்கு வரும். "அக்கா, குழந்தைங்க வார்டு. நர்ஸ் சூடா இருக்காங்க, நீங்க கொஞ்சம் தணிஞ்சு பேசுங்க" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டுத்தான் இணைப்பே கொடுப்பார். மூச்சு விடும் சத்தத்திலேயே ஆளைச் சொல்லிவிடுவார். டெய்லரம்மா வீட்டிலேயே மிஷின் போட்டிருந்தாள். பள்ளிக்கூடச் சீருடை, ஜன்னல் திரை, தொளதொளவென்ற சட்டையைப் பிடித்துக் கொடுப்பது எல்லாம் உண்டு. மிஷினின் வார் லேசாகத் தளர்ந்தாலும் மிதிக்கிற பாதத்தில் அவளுக்குத் தெரிந்துவிடும். எனக்கு என் காதை வைத்துக்கொண்டு ஒருநாளும் தெரிந்ததில்லை.

இரண்டு பேரும் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று எல்லோருக்கும் ஆச்சரியம். கையால்தான். அவள் சைகையை அவருடைய கைக்குள்ளேயே செய்வாள்; அவர் தடவிப் புரிந்துகொள்வார். அவர் பதிலைத் தன் கையால் காற்றில் செய்வார், அவள் பார்த்துக்கொள்வாள். உள்ளங்கையில் விரல்முட்டியால் தட்டினால் வாசலில் ஆள். மணிக்கட்டைச் சுற்றி ஒரு வளையம் போட்டால் பஸ்ஸுக்கு நேரமாகிறது. கட்டைவிரலைத் தேய்த்தால் மாத்திரை. மகளுக்குச் சுண்டுவிரலில் ஒரு கிள்ளு. இதெல்லாம் அவர்களே உண்டாக்கிக்கொண்டது. சோறு, மழை, காய்ச்சல், துணி, தூக்கம் என்று வீட்டுக்குள் போதுமான பேச்சு. வீட்டைத் தாண்டிய எதற்கும் மகள் வேண்டும்.

மகளுக்குத் தெருவில் ரேடியோ என்று பெயர். மூன்று வயதிலேயே அம்மாவின் சைகையைப் பார்த்துக்கொண்டே அப்பாவுக்கு வாயால் சொல்லும். "அம்மா கேக்கறாங்க, நாளைக்கு லீவான்னு." அப்பா பேசுவதைக் கேட்டுக்கொண்டே அம்மாவுக்குக் கையால் சொல்லும். வங்கியிலும் ரேஷன் கடையிலும் டாக்டரிடமும் அதுதான் நடுவில் நிற்கும். ஒருமுறை டெய்லரம்மாவுக்குக் கருப்பையில் கட்டி என்று ஆனபோது, டாக்டர் சொன்னதையெல்லாம் அந்தப் பிள்ளைதான் நின்று சொன்னது. நானும் கூடப் போயிருந்தேன். டாக்டர் என் முகத்தைப் பார்த்தே பேசினார். பிள்ளை அம்மாவின் முகத்தைப் பார்த்தே கையை அசைத்தது. முடிந்து வெளியே வந்ததும் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று ஓடியது.

அந்த ரேடியோ படித்து முடித்து, வெளியூரில் ஒரு பால் கம்பெனியில் பாலைச் சோதிக்கிற வேலைக்குப் போனாள். போவதற்கு முன்னால் ஒரு போன் வாங்கிக்கொண்டு வந்தாள். அதில் ஒரு ஏற்பாடு இருந்தது. ஆபரேட்டர் பேசினால் பேச்சு எழுத்தாகித் திரையில் பெரிது பெரிதாக வரும். டெய்லரம்மா எழுத்தைத் தட்டினால் போன் அதை ஒரு பெண்குரலில் படிக்கும். டெய்லரம்மா காது கேளாதோர் பள்ளியில் படித்தவள், எழுதப் படிக்க நன்றாகத் தெரியும். அங்கங்கே ஒரு 'ஐ'யும் ஒரு 'க்கு'வும் உதிர்ந்துபோயிருக்கும், அவ்வளவுதான். மகள் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்துப் பழக்கினாள். பஸ் ஏறும்போது என்னிடம், "பார்த்துக்கோங்க அத்தை. சார்ஜ் போட மறந்துடுவாங்க" என்றாள். வேறு எதையும் பற்றி அவளுக்குக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

முதல் சில நாட்கள் ஒரே வேடிக்கை. ஆபரேட்டர் வழக்கமாகப் பேசுகிற மாதிரி பேசினால் போனுக்குப் புரியவில்லை. "வயிறு சரியில்ல" என்றார். திரையில் 'வயல் சரி இல்லை' என்று வந்தது. டெய்லரம்மா யாருடைய வயல் என்று தட்டினாள். அதற்கப்புறம் அவர் வானொலியில் செய்தி வாசிப்பவர் மாதிரி பேசப் பழகிக்கொண்டார். "எனக்கு வயிறு சரியில்லை. ஆகையால் இரவு கஞ்சி மட்டும் போதும்." கீழே அவர் இப்படி முழங்குவது மாடியில் எனக்குக் கேட்கும். பதிலுக்கு அந்தப் பெண்குரல், அதுவும் செய்தி வாசிக்கிற குரல்தான், "கஞ்சி இல்லை. ரொட்டி உள்ளது" என்று சொல்லும். ஆபரேட்டர் அந்தக் குரலுக்குப் போன்காரி என்று பெயர் வைத்தார். ஆஸ்பத்திரிக் கேண்டீனில் என்னிடம், "வீட்டுக்கு இன்னொருத்தி வந்துட்டா அக்கா. நல்லா படிச்சவ போலிருக்கு" என்றார்.

சிரித்துக்கொண்டே சொன்னாலும் அவருக்கு ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. இரண்டு மூன்று நாள் கழித்து அதையும் சொன்னார். போன்காரி அவரை 'நீ' என்கிறாள். நீ எப்போது வருவாய். நீ பழைய சட்டை போடாதே, காலர் கிழிந்து உள்ளது. மகள் சொன்ன காலத்தில் அம்மா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. "அம்மா கேக்கறாங்க, நீங்க எப்ப வருவீங்கன்னு" என்றுதான் காதில் விழும். இத்தனை வருஷமும் தன் மனைவி தன்னை நீங்கள் என்று சொல்வதாகவே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். போனில் ஏதாவது திருப்ப வேண்டுமா, நான் பார்க்க முடியுமா என்று கேட்டார்.

போனில் திருப்ப ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். சைகையில் நீ என்றும் நீங்கள் என்றும் இரண்டு கிடையாது. அவள் அவர் மார்பில் விரலை வைப்பாள், அவ்வளவுதான். அந்த விரலுக்கு மரியாதை சேர்த்துச் சொன்னது மகள். நான் இதைச் சொன்னதும் அவர் டீயைக் கீழே வைத்தார். பிறகு, "அப்ப மத்ததுல எவ்வளவு அவ சேர்த்தது?" என்று கேட்டார்.

வீட்டுக்குப் போய் அவர் மனைவியிடம் இதைக் கேட்டிருக்கிறார். அவள் முதலில் சிரித்தாளாம். பிறகு, நீ என்னை எப்படிக் கூப்பிடுகிறாய் என்று தட்டினாளாம். நீ என்றுதான் என்றார். அப்படியானால் சரிக்குச் சரி என்று போன்காரி சொன்னாள். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. பேச்சு நீண்டது. அத்தனை நாளும் சோறும் மழையுமாக இருந்த பேச்சு, முழு வாக்கியத்தில், முற்றுப்புள்ளியோடு நீண்டது. மழைக்காலம் தொடங்கியிருந்தது. தெருவில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு எல்லாம் கேட்டது. ஒரு செய்தி வாசிப்பவரும் இன்னொரு செய்தி வாசிப்பவரும் சண்டை போடுவது மாதிரி இருந்ததாக எதிர்வீட்டுக் கொத்தனார் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டெய்லரம்மா மாடியேறி வந்தாள். மழையில் தலையிலிருந்து தொப்பலாக நனைந்திருந்தாள், குடையெடுக்கத் தோன்றவில்லை. என் கையைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டு போனாள். கூடத்தில் ஆபரேட்டர் மரநாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நடுவில் முக்காலி மேல் போன். அவள் அதைத் தட்டினாள். "இந்தப் போன் தவறு எழுதுகிறது. அவர் சொல்வதும் இதில் வருவதும் ஒன்றா என்று நீ கேட்டுச் சொல்."

என்ன சொன்னீர்கள் என்று நான் ஆபரேட்டரைக் கேட்டேன். அவர் எனக்காக மறுபடியும் சொன்னார், சாதாரணப் பேச்சில். "அந்த வேலைக்கு நீதானே வேணாம்னு சொன்னேன்னு கேட்டேன். அதுல என்ன தப்பு?"

திரையைப் பார்த்தேன். 'அந்த வேலைக்கு நீதானே வேண்டாம் என்று சொன்னாய்' என்று சரியாகத்தான் இருந்தது. சரி என்று தலையாட்டினேன். டெய்லரம்மா என் முகத்தைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், பிறகு சுவரோரம் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

விஷயம் இது. மகள் ஐந்தாவது படிக்கும்போது வேறு ஊரில் டெய்லரம்மா படித்த அதே பள்ளியிலிருந்து அவளுக்கு வேலை வந்தது. விடுதிப் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்க வேண்டும். தங்க இடமும் உண்டு. அங்கே எல்லோரும் கையால் பேசுகிறவர்கள். அவள் அதற்குமுன் எதற்கும் அப்படி ஆசைப்பட்டதில்லை. கணவர் வேண்டாமென்று சொல்லிவிட்டார் என்று அவள் அதை விட்டாள். விட்டாளே தவிர மறக்கவில்லை. சண்டையில் அதைத்தான் தட்டினாள்: "நான் வேலை போக நீ விடவில்லை." அதற்குத்தான் அவர், நீதானே வேண்டாம் என்றாய் என்றிருக்கிறார்.

ஆபரேட்டருக்கு அந்தக் காலை நன்றாக நினைவிருந்தது. ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தாராம். மகளுக்கும் பள்ளிக்கூட அவசரம். அம்மாவுக்கு வேலை வந்திருக்கிறது, போகலாமா என்று கேட்கிறார்கள் என்று சொன்னது.

"நான் என்ன சொன்னேன்னா அக்கா, போகலாம், ஆனா அந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு நான் மாத்தல் கேக்கணும், அதுவரைக்கும் இப்ப வேணாம்னு சொல்லு, அப்படின்னேன். புள்ள என்ன சொல்லியிருக்கும்?"

அதை நான் டெய்லரம்மாவுக்கு எழுதிக் காட்டினேன். அவள் ஸ்டூலில் இருந்தபடியே, மகள் அன்றைக்குச் செய்த சைகையைச் செய்து காட்டினாள். இரண்டே அசைவு. மீசைக்கு ஒன்று. உள்ளங்கையை விரித்துத் தள்ளுவதற்கு ஒன்று. அப்பா. வேண்டாம்.

அதோடு முடியவில்லை. அவர் உண்மையிலேயே மாற்றல் கேட்டிருக்கிறார். யார் யாரையோ பிடித்து, பலகையில் பேசுகிற பெரிய டாக்டர் ஒருவரிடம் தயங்கித் தயங்கிச் சொல்லி, அது கிடைத்தும்விட்டது. அந்தச் செய்தியோடு வீட்டுக்கு வந்து, அம்மாவுக்கு இன்னும் அந்த வேலை மேல் ஆசை இருக்கிறதா கேள் என்று மகளிடம் சொன்னார். முழுக் கதையையும் தானே பிறகு சொல்லிச் சந்தோஷப்படுத்தலாம் என்று நினைத்தார். ஆனால் டெய்லரம்மா அதற்குள் பள்ளிக்கு வரவில்லை என்று எழுதிப் போட்டுவிட்டிருந்தாள். வேண்டாமென்று சொன்ன மனிதர் மறுபடியும் அதைக் கிளறுகிறார் என்று அவளுக்கு ஆத்திரம். அந்தப் பேச்சே வேண்டாம் என்று கையை வீசினாள். "அம்மா வேணாங்கறாங்க" என்றது பிள்ளை. அவர் மாற்றலை ரத்து செய்துவிட்டார்.

பிள்ளை பொய் சொல்லவில்லை. இரண்டு தடவையும் சுருக்கிச் சொல்லியிருந்தது. பத்து வயதில், ஒரு கையில் சாப்பாட்டுப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு வேறு எப்படிச் சொல்லும்?

இத்தோடு சண்டை தீர்ந்திருக்க வேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். தீரவில்லை. ஆபரேட்டர் மேலும் ஒரு வார்த்தை சொன்னார். அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. போன் இல்லாவிட்டால் சொல்லியிருக்கவும் மாட்டார். மகள் நடுவில் நின்றிருந்தால் அவள் விழுங்கியிருப்பாள்.

"நீ வேண்டாம் என்றதும் எனக்கு ஒரு பக்கம் நிம்மதியாக இருந்தது" என்றார் செய்திக் குரலில். "புது ஊர், புதுத் தெரு, புதுப் பலகை. எல்லாம் முதலிலிருந்து தடவிப் பழக வேண்டும் என்று பயந்துகொண்டிருந்தேன்."

அவள் அதை ஒருமுறை படித்தாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். நான் மாடிக்கு வந்துவிட்டேன்.

காது கேளாத ஒருத்தி கண் தெரியாத ஒருவரிடம் பேசாமலிருப்பது எப்படி என்று அந்த வாரம் பார்த்தேன். தொடாமல் இருந்தாள். வழக்கமாக அவள் கடந்துபோகும்போதெல்லாம் அவர் தோளில் ஒரு விரலை வைத்துவிட்டுப் போவாள். இங்கே இருக்கிறேன், இந்தப் பக்கம் போகிறேன் என்று அர்த்தம். அது நின்றது. தட்டை வைத்ததும் அவர் விரலைப் பிடித்து இங்கே சோறு, இங்கே பருப்பு, ஓரத்தில் முட்டை என்று காட்டுவாள். அதுவும் நின்றது. தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவாள். முதல்நாள் கொதிக்கிற பருப்பில் கையை விட்டுவிட்டார். அவர் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைப்பார். அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு தைத்துக்கொண்டிருப்பாள். மிஷின் சத்தத்தை வைத்து அவள் எங்கே இருக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். சத்தம் நின்றால் தெரியாது.

ஆஸ்பத்திரியிலும் அந்த வாரம் சரியில்லை. மழையில் எதுவும் காயவில்லை. உலர்த்தும் இயந்திரங்களில் ஒன்று மக்கர் செய்தது. ஈர விரிப்புகளைக் கொதிகலன் அறையில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தோம். அவற்றை விலக்கிக்கொண்டு ஆபரேட்டர் என்னைத் தேடி வந்தார். சட்டையில் பொத்தான் ஒன்று தவறி, ஒரு பக்கம் ஏறியிருந்தது. நான் சொன்னதும் திரும்பிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார்.

அவருக்கு மனைவி மேல் கோபம் இல்லை, வருத்தம்தான். "நெஜத்தைச் சொன்னா இப்படியா அக்கா?" என்று கேட்டார். நிஜத்தைச் சொன்னால் இப்படித்தான் என்றேன். அந்த வேலை பாதி உங்கள் பயத்தால்தான் போயிற்று என்று அவள் நினைக்கிறாள். அவள் நினைப்பது தப்பா என்று கேட்டேன். அவர் ஈரத் துணியை விலக்கிக்கொண்டு ஒரு அடி கிட்டே வந்தார். "மாத்தல் கெடைச்சதை அன்னிக்கே அவ கையைப் புடிச்சு நானே சொல்லியிருக்கலாம்" என்றார். "எழுத்தெழுத்தா உள்ளங்கையில எழுதியாவது சொல்லியிருக்கலாம். புள்ளை இருக்கேன்னு விட்டுட்டேன். எனக்கு அது சௌகரியமா இருந்துச்சு."

அன்று மாலை வேலை முடிந்து வந்தபோது டெய்லரம்மா படிக்கட்டில் காத்திருந்தாள். போனை நீட்டினாள். மகளுக்கு ஒரு நீளமான செய்தி தட்டி வைத்திருந்தாள், இன்னும் அனுப்பவில்லை. எழுத்துப் பிழை பார்த்துக் கொடுக்கச் சொன்னாள். படித்தேன். அந்த வேலை, அந்தக் காலை, இரண்டு சைகை எல்லாம் இருந்தது. 'நீ ஏன் முழுவதும் சொல்லவில்லை? நீ சொல்லியிருந்தால் நான் இன்று வேறு ஆள்' என்று முடித்திருந்தாள். பிழை ஒன்றும் இல்லை. அவள் அதைப் பலதடவை திருத்தியிருக்க வேண்டும். எனக்கு அதைத் திருப்பிக் கொடுக்கக் கை வரவில்லை. அவருக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்று கையசைத்தாள். சொல்லாமல் அனுப்பாதே, இனிமேலாவது இந்த வீட்டில் ஒருவருக்குத் தெரியாமல் ஒன்று போக வேண்டாம் என்று எழுதிக் காட்டினேன். யோசித்தாள். என்னையும் கூட்டிக்கொண்டு கூடத்துக்குப் போனாள். அவர் எதிரே உட்கார்ந்து அந்தச் செய்தியைப் போன்காரியைப் படிக்க வைத்தாள்.

போன்காரிக்குக் கோபமும் தெரியாது, அழுகையும் தெரியாது. பால் விலை சொல்வதுபோல் கடைசிவரை படித்து முடித்தாள்.

ஆபரேட்டர் போனைப் பார்த்துப் பேசவில்லை. மனைவி இருந்த பக்கம் கையை நீட்டித் தேடினார். அவள் கையைக் கொடுக்கவில்லை. அப்படியே நீட்டிய கையோடு, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, போனுக்குக் கேட்கும்படி சொன்னார்.

"இதை அனுப்பாதே. அவள் அப்போது குழந்தை. வீட்டில் பெரியவர்கள் இரண்டு பேர் இருந்தோம். திரும்ப ஒருமுறை கேட்க நமக்குத் தோன்றவில்லை. அதற்கு அவளை ஏன் கேட்கிறாய்?"

டெய்லரம்மா திரையைப் படித்துவிட்டு வேகமாகத் தட்டினாள். "அவளும் வளர்ந்து. தெரியட்டும்."

"தெரிந்தால் என்ன செய்வாள்? நம் இருவருக்கும் சொன்ன ஒவ்வொன்றையும் உட்கார்ந்து எண்ணிப் பார்ப்பாள். எதை விட்டோம், எதைச் சேர்த்தோம் என்று. அந்தப் பிள்ளைக்குத் தூக்கம் வருமா?"

அவள் அதைப் படித்தாள். விரல் திரைக்கு மேலேயே நின்றது. பிறகு என்னைப் பார்த்து அடிவயிற்றில் கையை வைத்துக் காட்டினாள். எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. அந்தக் கட்டியைச் சொல்கிறாள். டாக்டர் அன்றைக்குப் பேசியது நினைவிருக்கிறதா என்று தட்டிக் கேட்டாள். நினைவிருந்தது. புற்றாக இருக்கலாம் என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். பிள்ளை அம்மாவுக்கு என்ன சொன்னது என்று எனக்குத் தெரியாது. அவள் இப்போது தட்டினாள்: "அவள் அன்று என்னிடம் சொன்னது, சின்னக் கட்டி, பயப்படாதே. நான் பயப்படாமல் ஆபரேஷன் போனேன்."

டாக்டர் சொன்னது வேறு என்பதை அவள் என் முகத்திலேயே படித்துக்கொண்டாள்.

அவள் செய்தியைக் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி அழிக்கத் தொடங்கினாள். மொத்தமாக அழிக்க வழி இருக்கிறது. அவளுக்கு அது தெரியாதா, வேண்டுமென்றேதான் செய்தாளா தெரியவில்லை. அழித்து முடித்ததும் போனை என்னிடம் கொடுத்துவிட்டு, நீட்டியபடி இருந்த அவர் கையை எடுத்து அதற்குள் ஏதோ செய்தாள். அவர் முகம் மாறிற்று.

"இப்ப போகட்டுமான்னு கேக்கறா அக்கா" என்று என்னிடம் சொன்னார். பிறகு அவளுக்குத் திரும்பி, போனைத் தேடாமல், இரண்டு கையாலும் பதில் சொன்னார். அதை அவள் வாங்கிக்கொண்டாள். என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். "பயமா இருக்கு, இருந்தாலும் போன்னேன். ரெண்டையும் சொன்னேன்."

மறுநாள் நான்தான் அந்தப் பள்ளிக்குப் பேசினேன். பழைய ஆட்கள் யாரும் இல்லை. நிரந்தர வேலையெல்லாம் இல்லை என்றார்கள். தையல் டீச்சர் பிரசவத்துக்குப் போயிருக்கிறாள், அவள் வரும்வரை பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்தால் நல்லது என்றார்கள். டெய்லரம்மா கையிலிருந்த சீருடைகளை அவசர அவசரமாகத் தைத்து முடித்தாள். போவதற்கு முன்னால் ஆபரேட்டருக்கு அடுப்படியைக் கற்றுக்கொடுத்தாள். முட்டை வேகும்போது பாத்திரம் எழுப்புகிற சத்தத்தை அவர் அவளைவிட நன்றாகப் புரிந்துகொண்டார். அரிசி அளக்கத்தான் தகராறு. பஸ் நிலையத்தில் அவள் ஜன்னல் வழியே கையை நீட்டினாள். பஸ் நகரும்வரை இருவர் கையும் உள்ளுக்குள் ஏதோ பேசிக்கொண்டிருந்தன.

அவள் அங்கே சந்தோஷமாக மட்டுமே இருந்தாள் என்று சொல்ல முடியாது. புதுப் பெண்களின் சைகை பாதி மாறிவிட்டிருந்தது, கிண்டல் செய்தார்கள். விடுதிச் சாப்பாடு பிடிக்கவில்லை. இதெல்லாம் அவள் அங்கே வாங்கிக்கொண்ட இன்னொரு போனிலிருந்து, மாலையில் போன்காரி வழியாக ஆபரேட்டருக்கு வரும். அவர் காலியான கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, "நீ ஏன் அந்த மூத்த பெண்ணைத் தனியாக அழைத்துப் பேசக் கூடாது?" என்று முழங்கிக்கொண்டிருப்பார். கூடத்தில் ஒரு விளக்கும் எரியாது. தெருவில் போகிறவர்கள் இருட்டுக்குள்ளிருந்து செய்தி வாசிக்கிற சத்தம் கேட்டு நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

மகள் விடுமுறைக்கு வந்தபோது அம்மா இல்லை. அம்மா ஒரு வகுப்புக்குப் போயிருப்பதாக அவளிடம் பொதுவாகத்தான் சொல்லி வைத்திருந்தார்கள். பையை இறக்கி வைத்ததும் அவள் கேட்கத் தொடங்கினாள். நான் ஆபரேட்டருக்குக் கொடுக்க மீன் குழம்பு கொண்டுபோயிருந்தேன், நடுவில் மாட்டிக்கொண்டேன். யார் ஏற்பாடு செய்தது, யார் பேசியது, தன்னிடம் ஏன் கேட்கவில்லை என்று வரிசையாகக் கேட்டாள். நாங்களே பேசிக்கொண்டோம் என்றார் ஆபரேட்டர். அவள் முகம் சுருங்கியது. அவருக்கு அது தெரிய நியாயமில்லை. ஆனால் அவள் மூச்சு அவர் காதில் விழுந்திருக்கும்.

"இந்த வயசுல எதுக்குப்பா திடீர்னு?"

"திடீர்னு இல்லம்மா. நீ அஞ்சாவது படிக்கும்போதே வந்த வேலை. நான்தான் வேணாம்னுட்டேன்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அப்படி ஒன்று நடந்த நினைவே தனக்கு இல்லை என்றாள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு தேடிப் பார்த்தாள். பிறகு அவள் குரல் லேசாக இறங்கியது.

"அப்ப அம்மாகிட்ட அதை யாரு சொன்னது? நான்தானேப்பா சொல்லியிருப்பேன்?"

நான் குழம்புப் பாத்திரத்தின் மூடியைச் சரிசெய்தேன்.

"நீதான் சொன்னே" என்றார் ஆபரேட்டர். "நான் என்ன சொல்லச் சொன்னேனோ அதை அப்படியே சொன்னே. ஒரு வார்த்தை கூடக் குறைக்கல."

"காரணம் என்ன சொன்னீங்க?"

"காரணமெல்லாம் சொல்லல. வேணாம்னு சொல்லுன்னேன்."

அவள் அவரை உற்றுப் பார்த்தாள். பிறகு எழுந்து சத்தம் போட்டாள். அம்மாவுக்கு எவ்வளவு ஆசையாக இருந்திருக்கும், உங்களுக்கு ஏன் இப்படிச் சுயநலம், ஒரு தடவையாவது அவங்க மனசுல என்ன இருக்குன்னு கேட்டீங்களா என்று கேட்டாள். தன்னை அதைச் சொல்ல வைத்திருக்கிறீர்களே என்றும் கேட்டாள். ஆபரேட்டர் தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, பலகையில் கோபக்காரர் யாராவது பேசும்போது கேட்டுக்கொண்டிருப்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆமாம், தப்புதான் என்றார்.

சாயங்காலம் அவள் மாடிக்கு வந்தாள். அழுதிருந்தாள். குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

"அப்பா இப்படிச் செஞ்சிருப்பாருன்னு நான் நெனைக்கவே இல்ல அத்தை. உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது; ஆனாலும் தெரியும் என்றேன். துண்டை எடுத்துக் கொடுத்தேன். அவள் துடைத்துக்கொண்டு, ராத்திரிக்கு அப்பாவுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டாள். ரொட்டியும் முட்டையும் போதும் என்றேன். கீழே போனாள். கொஞ்ச நேரத்தில் அவர் அரிசி வைத்திருந்த இடம் சரியில்லை என்று அவள் திட்டுவதும், "சரிம்மா, சரிம்மா" என்று அவர் சொல்வதும் கேட்டது.